ஓரத்துக்குக் கால் முளைத்த கதை

கேள்வி: ஒரு ஆங்கிலக் கதையில் "ஷீ எட்ஜ்ட் டுவர்ட்ஸ் தி டோர்" என்று வந்தது. எட்ஜ் என்றால் ஓரம், விளிம்பு என்றுதான் படித்திருக்கிறேன். கிரிக்கெட்டில் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் எட்ஜ் என்கிறார்கள், அதுவும் புரிகிறது. ஆனால் ஒரு பெண் எப்படிக் கதவை நோக்கி "ஓரம்" ஆவாள்? "கதவு ஓரமாகப் போனாள்" என்று தமிழில் எழுதலாமா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: எழுதினால் அவள் கதவை ஒட்டிப் போய் நின்றுவிடுவாள். கதையில் அவள் செய்தது அது இல்லை. அறைக்குள் அவளுக்குப் பிடிக்காத யாரோ இருந்திருக்க வேண்டும், அல்லது கேட்கக் கூடாத எதையோ கேட்டிருக்க வேண்டும். ஓடினால் கவனித்துவிடுவார்கள். அதனால் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டே அரை அடி, அப்புறம் இன்னொரு அரை அடி என்று கதவுப் பக்கம் தள்ளித் தள்ளி வந்திருக்கிறாள். "கதவுப் பக்கமாக மெல்ல நகர்ந்தாள்" என்று எழுதுங்கள், போதும். நமது "நகர்" என்ற வினை எட்ஜுக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு. நத்தை நகர்கிறது, வரிசை நகர்கிறது, "கொஞ்சம் நகருங்க" என்கிறோம். மூன்றிலும் தூரம் குறைவு, வேகம் குறைவு.

ஓரம் எப்படி நடை ஆனது என்று கேட்டீர்கள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் கத்தியின் வெட்டும் கூர்விளிம்பைக் குறித்தது. நகர்வது என்ற பொருளில் வினையாகப் புழங்க ஆரம்பித்தது 17ஆம் நூற்றாண்டில். அது எப்படிப்பட்ட நகர்வு என்று புரிய ஒரு சினிமா தியேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். படம் ஆரம்பித்துவிட்டது, உங்கள் இருக்கை வரிசையின் நடுவில். உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலுக்கும் முன் வரிசை முதுகுக்கும் இடையே ஒரு சாண்தான் இடம். நேராக நடக்க முடியாது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வயிற்றை உள்ளே இழுத்து, முன் இருக்கையின் மேல்பகுதியை ஒரு கையால் தொட்டபடி, இடது காலைக் கொஞ்சம் தள்ளி வைத்து, வலது காலை அதனோடு சேர்த்து, மறுபடி இடது கால்... யாருடைய கால்விரலையாவது மிதித்துவிடுவோமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டே, இருட்டில் பார்த்தும் பயனில்லை என்று தெரிந்துகொண்டே போகிறீர்களே, அதுதான் எட்ஜ். அகலமான மார்பை முன்னே விடாமல் உடம்பின் ஒல்லியான ஓரத்தை முன்னே விட்டுப் போகிறீர்கள். ஓரத்துக்குக் கால் முளைத்தது இப்படித்தான் என்று வைத்துக்கொண்டால் அர்த்தம் மறக்காது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வினை தனியாக நிற்காது. "ஹீ எட்ஜ்ட்" என்று முற்றுப்புள்ளி வைத்தால், கிரிக்கெட் தெரிந்தவர் "கேட்ச் பிடித்தார்களா?" என்று கேட்பார். எங்கே, எந்தப் பக்கம் என்று கூடவே வர வேண்டும்: எட்ஜ் அவே என்றால் மெல்ல விலகுவது, எட்ஜ் க்ளோஸர் என்றால் நெருங்குவது, எட்ஜ் பாஸ்ட் என்றால் உரசாமல் தாண்டுவது, எட்ஜ் அலாங் என்றால் எதையாவது ஒட்டியபடி போவது. ஒரு பொருளையும் இப்படி நகர்த்தலாம். "ஷீ எட்ஜ்ட் ஹெர் சேர் க்ளோஸர்" என்றால் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே இழுத்துக்கொண்டாள். ஏன் இழுத்தாள் என்பது கதையைப் பொறுத்தது.

இன்னொன்று, "ஸ்லோலி எட்ஜ்ட்" என்று சேர்த்து எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஆங்கிலேயர்களும் எழுதுகிறார்கள், இலக்கணப் பிழை இல்லை. ஆனால் "மெல்ல" என்பது எட்ஜுக்குள்ளேயே இருக்கிறது. நடு சென்டர் மாதிரிதான்.

இனி நான் விழுந்த பள்ளத்தைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வணிகச் செய்தி கைக்கு வந்தது. "ஷேர்ஸ் எட்ஜ்ட் அப்" என்று முதல் வரி. எனக்குத் தெரிந்த எட்ஜ் விளிம்புதான் என்பதால் "பங்குகள் உச்ச விளிம்பைத் தொட்டன" என்று கம்பீரமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் அன்றைக்கு விலை ஒரு துளிதான் ஏறியிருந்தது. மேசைக்கு எதிரே இருந்த மூத்தவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உங்களிடம் பங்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு "சற்றே உயர்ந்தன" என்று திருத்தினார். பொருளாதாரச் செய்தியில் எட்ஜ் அப் என்றால் சிறிதளவு ஏற்றம், எட்ஜ் டவுன் என்றால் சிறிதளவு இறக்கம். இங்கே ஜாக்கிரதை என்ற பொருள் உதிர்ந்துபோய் "கொஞ்சமே கொஞ்சம்" மட்டும் தங்கியிருக்கிறது. இரண்டு நாடுகள் "எட்ஜிங் டுவர்ட்ஸ் வார்" என்று படித்தால், ஒரே நாளில் வந்த சண்டை இல்லை, நாளுக்கு ஒரு அடியாகப் போரை நெருங்குகிறார்கள் என்று பொருள்.

எட்ஜ் அவுட் என்பதில் மட்டும் நிதானமாக இருங்கள், அதற்கு மூன்று முகம். கார் ஒரு சந்திலிருந்து மூக்கை மட்டும் நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்து மெல்ல வெளியே வந்தால் அது எட்ஜ் அவுட். ஒரு அணி இன்னொரு அணியை மயிரிழையில் ஜெயித்தால் அதுவும் எட்ஜ் அவுட். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: ஒருவரைப் பதவியிலிருந்து நேரடியாகத் தூக்காமல், இன்றைக்கு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடாமல், நாளைக்கு ஒரு கோப்பைக் காட்டாமல், சிறுகச் சிறுக வெளியே தள்ளுவது. இதற்குத் தமிழில் என்ன சொல்கிறோம்? ஓரங்கட்டிவிட்டார்கள்! நாமும் அதே ஓரத்தை எடுத்து வினையாக்கித்தான் வைத்திருக்கிறோம். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல் ஒரே இடத்தில் போய் நின்றிருக்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. ஓரங்கட்டப்பட்டவர் ஓரத்திலாவது இருப்பார், எட்ஜ் அவுட் ஆனவர் பெரும்பாலும் வெளியே போயிருப்பார்.

உச்சரிப்பும் கேட்பீர்கள். நாம் "ட்" அழுத்தி எட்ஜ் என்கிறோம், அவர்கள் வாயில் அது ஏறக்குறைய "எஜ்" என்றுதான் வரும். இறந்தகாலம் "எஜ்ட்", ஒரே அசை. "எட்ஜெட்" என்று இரண்டாக உடைக்க வேண்டாம்.

கேள்வி: இன்ச், க்ரீப், டிப்டோ, ஸ்னீக், ஸைடில் என்று அகராதியில் எதைத் திறந்தாலும் "மெதுவாக, எச்சரிக்கையாக நகர்" என்றே போட்டிருக்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்றால் எதற்கு இத்தனை? பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்ல முடியவில்லை. (பள்ளி ஆசிரியர் ஒருவர்)

பதில்: அகராதி எழுதியவர் இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார், ஐயா. நகர்பவருக்கு எதைப் பற்றிப் பயம் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள், வினை தானாக வந்து விழும்.

சத்தம் கேட்டுவிடுமோ என்ற பயமா? டிப்டோ. குழந்தை தூங்குகிறது, குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் போகிறோம். விழுந்துவிடுவோமோ, இடித்துவிடுவோமோ என்றால் எட்ஜ். யாராவது பார்த்துவிடுவார்களோ என்றால் ஸ்னீக், அதில் திருட்டுத்தனம் கலந்திருக்கும். க்ரீப் உடம்பைத் தாழ்த்திப் பதுங்கி வருவது. பூனை எலியிடம் வருவதும் க்ரீப்தான், முதுமை நம்மிடம் வருவதும் க்ரீப்தான். இன்ச் என்பதில் பயமே வேண்டியதில்லை, இடம் இல்லாததுதான் காரணம். நெரிசலில் வண்டிகள் அங்குலம் அங்குலமாகப் போகின்றனவே, அது. இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவுகோலைத்தான் நீட்டுகின்றன.

ஸைடில் சுவாரசியமான ஆள். ஸைட்லிங் என்று "பக்கவாட்டாக" என்ற பொருளில் ஒரு பழைய சொல் இருந்தது. அதன் வாலில் இருந்த "இங்" என்பதைப் பார்த்து, அப்படியானால் ஸைடில் என்று ஒரு வினை இருக்க வேண்டுமே என்று நினைத்து, இல்லாத வினையைப் பின்னாலிருந்து வெட்டி எடுத்தார்கள். நமக்கு இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. நம் பேச்சில் "சைடில் வந்து நின்றான்" என்போமே, கடன் கேட்க வருகிறவர், வம்பு சொல்ல வருகிறவர், எல்லோரும் நேரே வராமல் சைடில்தான் வருவார்கள். ஆங்கிலத்தில் "ஸைடில்ட் அப் டு மீ" என்றால் அச்சு அசலாக அதே காட்சி. தற்செயல்தான், ஆனாலும் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இத்தனை எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். இதற்கு மொழியியலில் ஒரு விடை இருக்கிறது. லியோனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர், உலக மொழிகள் நகர்வைச் சொல்லும் விதத்தை இரண்டு பெரிய வகையாகப் பிரித்துக் காட்டினார். சில மொழிகளில் முக்கிய வினை எந்தப் பக்கம் போனார் என்று சொல்லும். வேறு சிலவற்றில் அது எப்படிப் போனார் என்று சொல்லும். தமிழில் நுழைந்தான், ஏறினான், இறங்கினான், கடந்தான் என்று பாதைதான் வினையில் உட்கார்ந்திருக்கிறது. எப்படி என்பதை முன்னால் ஒரு எச்சமாகக் கோத்துவிடுகிறோம்: ஓடி நுழைந்தான், தவழ்ந்து ஏறினான், பதுங்கிப் பதுங்கி இறங்கினான். ஆங்கிலம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. எப்படி என்பது வினை, எங்கே என்பது பின்னால் ஒட்டும் சின்னச் சொல்: ரன் இன், க்ரீப் டவுன். அதனால் அவர்களுக்கு விதவிதமான நடைவினைகள் தேவைப்பட்டன. நமக்கு அந்த வேலையைப் பம்மி, பதுங்கி, ஒட்டி, உரசாமல், அடிமேல் அடி வைத்து என்று எச்சங்களும் தொடர்களும் பார்த்துக்கொள்கின்றன. தமிழில் சொல் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர் வேறு அலமாரியில் தேடியிருக்கிறார்.

மொழிபெயர்க்கும்போதும் இதே வழிதான். ஒரே வினையில் அடக்கப் பார்க்காமல் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். "டிப்டோட் அவுட்" என்பதற்குச் சத்தம் போடாமல் வெளியேறினாள் என்றால் அழகாக உட்காரும்.

இந்தக் குடும்பத்தில் ஸ்டீல் (எஃகு இல்லை, திருடு என்று நாம் படித்த வினை) என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் யாராவது மாட்டிக்கொள்வார்கள். "ஷீ ஸ்டோல் அவுட் ஆஃப் தி ரூம்" என்ற வரியை "அறையிலிருந்து திருடிக்கொண்டு போனாள்" என்று ஒருவர் பெயர்த்திருந்ததைப் படித்திருக்கிறேன். அடுத்த பக்கத்தில் போலீஸ் வரும் என்று பார்த்தால் வரவே இல்லை. அவள் எதையும் எடுக்கவில்லை, ஓசைப்படாமல் வெளியே போனாள், அவ்வளவுதான். எதைத் திருடினாள் என்று பொருள் கூடவே வந்தால் திருட்டு, எங்கே போனாள் என்று இடம் வந்தால் நழுவல்.

கேள்வி: ஜிஞ்சர்லி என்றால் ஜாக்கிரதையாக என்று பொருளாமே? இஞ்சி தின்றவர் ஜாக்கிரதையாக நடப்பாரா? (வாசகர் ஒருவர்)

பதில்: இஞ்சி தின்ற குரங்கை நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. சம்பந்தமே இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் வந்தபோது நடனத்தில் கால்களை நளினமாக, சின்னச் சின்னதாக எடுத்து வைப்பதைக் குறித்தது. நேர்த்தியான, மென்மையான என்ற பொருள் கொண்ட ஒரு பழைய பிரெஞ்சுச் சொல் இதன் மூலமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். நளினம் என்பது காலப்போக்கில் பயமாக மாறிவிட்டது. இன்றைக்கு உடைந்த கண்ணாடித் துண்டை இரண்டு விரலால் எடுக்கிறோமே, சுளுக்கிய காலைத் தரையில் ஊன்றிப் பார்க்கிறோமே, அதற்கெல்லாம் ஜிஞ்சர்லி. இது வினை இல்லை, வினையின் தோழன்: "ஷீ ஸ்டெப்ட் ஜிஞ்சர்லி ஆன் தி ஐஸ்".

உண்மையான ஜிஞ்சர் இருக்கிறதே, அதற்குத்தான் நம்மோடு உறவு. லத்தீன், கிரேக்கம், பிராகிருதம் என்று பின்னோக்கிப் போனால் இஞ்சி, வேர் என்ற திராவிடச் சொற்களில் போய் முடிகிறது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் "ஸ்டாப் டிப்டோயிங் அரௌண்ட் தி இஷ்யூ" என்றார். அடுத்த நாள் இன்னொருவரிடம் "டோண்ட் புஸிஃபுட்" என்றார். இரண்டும் ஒரே திட்டா, வேறு வேறா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பதில்: உங்களுக்குக் கிடைத்தது எது என்று சொல்லவில்லை! டிப்டோ அரௌண்ட் என்றால் ஒரு விஷயத்தைத் தொட்டால் யார் மனமாவது புண்படுமோ என்று பட்டும் படாமலும் பேசுவது. அதில் கொஞ்சம் நல்ல எண்ணமும் இருக்கலாம். வீட்டில் துக்கம் நடந்தவரிடம் நாம் எல்லோரும் டிப்டோதான் செய்கிறோம். புஸிஃபுட் அப்படி இல்லை, அது மழுப்பல். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்வது. பாராட்டாக ஒருபோதும் வராது.

பூனைப் பாதம் என்பதுதான் நேர்ப் பொருள். அமெரிக்காவில் முதலில் ஓசையில்லாமல் நடப்பதைத்தான் குறித்தது. வில்லியம் ஜான்சன் என்று ஒரு மதுவிலக்கு அதிகாரி இருந்தார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஓக்லஹோமா பக்கம் கள்ளச்சாராயக்காரர்களைப் பூனை மாதிரி பதுங்கிப் போய்ப் பிடித்ததால் அவருக்குப் புஸிஃபுட் என்றே பட்டப்பெயர். அந்தப் பூனை நடையெல்லாம் 1919ல் லண்டனில் உதவவில்லை. மதுவிலக்குக்காகப் பேச மேடை ஏறியவரை மருத்துவ மாணவர்கள் கூட்டமாக வந்து தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அந்தக் கலவரத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு பொருள் கண்ணில் பட்டு, ஒரு கண் பார்வை போய்விட்டது. பிரிட்டனில் புஸிஃபுட் என்பது குடிக்காதவரைக் குறிக்கும் சொல்லாகவும் சில காலம் ஓடியது. மது கலக்காத ஒரு காக்டெயிலுக்கு இன்றும் அதுதான் பெயர்.

எழுத்துக்கூட்டலில் ஒரு சங்கதி. டிப்டோவோடு "இங்" சேர்க்கும்போது கடைசி "இ" எழுத்தைத் தூக்கக் கூடாது, அது அப்படியே இருக்கும். கனூ, ஷூ, ஹோ ஆகிய வினைகளுக்கும் அதே கதைதான். எட்ஜில் மட்டும் தாராளமாகத் தூக்கலாம்.

கேள்வி: ஸ்னீக்ட் சரியா, ஸ்னக் சரியா? க்ரீப்ட் என்று நீட்டிச் சொல்லலாமா, க்ரெப்ட் மட்டும்தானா? (அதே கல்லூரி மாணவி, பின்குறிப்பில்)

பதில்: ஸ்னீக்ட்தான் பழையது. ஸ்னக் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் முளைத்தது, முதலில் கொச்சை என்று ஒதுக்கினார்கள், இப்போது அங்கே அகராதியே ஏற்றுக்கொண்டுவிட்டது. பேச்சில் எது வேண்டுமானாலும் வரட்டும், தேர்வுத் தாளில் ஸ்னீக்ட் எழுதிவிடுங்கள். நகர்வதற்கு க்ரெப்ட் மட்டும்தான். ஆனால் யாரோ ஒருவரின் பார்வை உங்களுக்கு உடம்பெல்லாம் கூசவைத்தது என்று சொல்ல "ஹீ க்ரீப்ட் மீ அவுட்" என்பார்கள், அங்கே க்ரெப்ட் போட்டால் தப்பு.